முதலில் கையெழுத்து

சிம்மக்கல், மதுரை
22.1.2024

தங்கச்சி மாயக்காளுக்கு அண்ணன் ஜெயபாண்டி எழுதுவது.

இங்கே உன் மதினி ஒச்சம்மாளுக்கு முழங்கால் வலி விட்டபாடில்லை. எனக்குச் சர்க்கரை ஏறுவதும் இறங்குவதுமாக இருக்கிறது. மற்றபடி குறையில்லை. நீயும் மகள் சத்யப்ரியாவும் எப்படி இருக்கிறீர்கள் என்று எழுது.

உன் வக்கீலம்மா சரண்யாதேவி என் வக்கீல் செல்வக்குமாரிடம், "கோயில்ல வெட்டிப் போட்ட காசை அவர் எடுக்கணும், அதுக்கு என்ன கேக்கிறாருன்னு கேட்டுச் சொல்லுங்க" என்றாராம். செல்வக்குமார் சிரித்துக்கொண்டே வந்து சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இரண்டு வக்கீல் வழியாகப் பேசினால் சமாச்சாரம் பாதி வழியிலேயே சிந்திப்போகும். அதனால் நேராக எழுதுகிறேன்.

எழுதலாமா என்று பூசாரி முத்திருளனைக் கேட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன். "காசு வெட்டிட்டா ரெண்டு பேரும் மொகம் பாத்துப் பேசக்கூடாது, ஒருத்தர் வீட்ல ஒருத்தர் கை நனைக்கக்கூடாது. எழுத்தைப் பத்திக் கருப்பசாமி ஒண்ணும் சொல்லலண்ணே" என்றான். போனில் பேசுவதும் நேரில் பேசுகிற மாதிரிதானாம், கூடாதாம். வாட்ஸப்பில் எழுதாதீர்கள், நாளைக்கு யாராவது கோர்ட்டில் நீட்டுவார்கள் என்று வக்கீல் தடுத்துவிட்டார். ஆகவே தபால்.

நான் சுற்றி வளைக்கிறவன் இல்லை. அப்பா கோச்சடையில் விட்டுப்போனது வெறும் கருவேலங்காடு. அதை வெட்டித் திருத்தி, குடோன் போட்டு, பழைய சாக்கு வாங்கி ஒட்டுப்போட்டு விற்றே நான் ஆளானேன். மாப்ள நல்லகாமன் உயிரோடு இருந்தவரை அந்த இடத்தைப் பற்றி உங்கள் வீட்டில் ஒரு பேச்சில்லை. அவர் போன பிறகு நீ பாகம் கேட்டுக் கேஸ் போட்டாய். ஜில்லா கோர்ட்டில் உனக்குப் பாதி என்று தீர்ப்பாயிற்று. அந்த வாரமே கருப்பு கோயிலில் உளியை வைத்துக் காசை வெட்டிப் போட்டேன். "என் உழைப்பைத் திங்கிறவ வம்சம் தழைக்கக்கூடாது" என்று சொல்லித்தான் வெட்டினேன். ஊரே பார்க்கச் செய்ததை இப்போது மறைக்க என்ன இருக்கிறது. ஹைகோர்ட் கிளையில் என் மேல்முறையீடு இன்னும் கிடக்கிறது.

காசை எடுக்க நான் தயார். வெட்டியவனும் வெட்டப்பட்டவளும் சேர்ந்து போய் நின்றால்தான் எடுக்க முடியும், அதுவும் உனக்குத் தெரியும். அந்தப் பாதியை நீ விட்டுக்கொடு. ஒரு கையெழுத்து. மறுநாளே காசை எடுக்கிறேன். ஆனால் மூன்று வருஷமாகச் சும்மா இருந்தவள் இப்போது எதற்குக் கேட்கிறாய் என்றுதான் புரியவில்லை.

பனி அதிகம். வெளியே போனால் காதை மூடிக்கொண்டு போ.

அண்ணன்
ஜெயபாண்டி


டி. கல்லுப்பட்டி
5.2.2024

அண்ணன் அவர்களுக்கு மாயக்காள் எழுதியது.

கடிதம் வந்தது. மதினியை மாடிப்படி ஏற விட வேண்டாம். நான் நன்றாக இருக்கிறேன். சத்யப்ரியா திருமங்கலத்தில் ஸ்கேன் எடுக்கிற இடத்தில் வேலை பார்க்கிறாள். காலையில் போனால் விளக்கு வைக்க வருவாள்.

எதற்கு என்று கேட்டிருந்தீர்கள். அவளை ஒரு வீட்டில் பெண் கேட்டிருக்கிறார்கள். பையனுக்கும் அவளுக்கும் பிடித்திருக்கிறது. போனில் பேசும்போது அவள் சிரிக்கிற சத்தம் அடுப்படி வரை கேட்கிறது. இந்த வீட்டில் அந்தச் சத்தம் கேட்டு ரொம்ப நாளாயிற்று.

பையனின் அப்பா வந்து உட்கார்ந்ததும் முதலில் கேட்டது, "தாய்மாமன் யாரு, வரலையா?" என்பதுதான். இன்னார் என்று சொன்னேன். அவருக்கு முகம் மாறிவிட்டது. "தாய்மாமனே காசு வெட்டிப் போட்டிருக்காருன்னா எப்படிம்மா? அந்தக் காசு கெடக்கிற வரைக்கும் நாங்க பொண்ணு எடுக்க முடியாது. எங்க வம்சமும் அதுலதான வந்து சேரும். எடுத்துட்டுச் சொல்லிவிடுங்க, மறுவாரமே நிச்சயம் பண்ணிக்கிருவோம்" என்றார். இதற்கு முன் வந்த இரண்டு வீட்டார் இதைக்கூடச் சொல்லாமல் போனார்கள். இவர் மரியாதையானவர்.

இந்தப் பெண்ணுக்கு வயது இருபத்தேழு ஆகிறது. எனக்கு அந்தப் பாதி வேண்டாம். அவள் போய்ச் சேர்ந்தால் போதும். எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று எழுதுங்கள்.

மாத்திரையை நேரத்துக்குப் போடவும்.

மாயக்காள்


சிம்மக்கல், மதுரை
10.2.2024

தங்கச்சிக்கு,

கடிதம் கண்டு மனசு லேசாயிற்று. பிள்ளைக்கு நல்ல இடம் அமைந்ததில் எனக்கும் சந்தோஷம்தான். நாங்கள் இங்கே வழக்கம்போல இருக்கிறோம்.

இனி வேலையைப் பார்ப்போம். செல்வக்குமாரைப் போய்ப் பார்த்தேன். "உங்க தங்கச்சி விட்டுக்கொடுக்கிறேன்னு எழுதிக் கொடுத்து, அதைக் கோர்ட்ல பதிஞ்சு, பழைய தீர்ப்பையே மாத்தி வாங்கிறதுதான் சுத்தமான வழிண்ணே" என்றார்.

"செய்யுங்க" என்றேன்.

"ஆனா ஜட்ஜ் அந்தம்மாவைக் கூப்பிட்டுக் கேப்பாரு. ஜெயிச்ச பாகத்தை எதுக்கும்மா விடுறீங்க, பதிலுக்கு என்ன வாங்கினீங்கன்னு."

அங்கேதான் நான் நின்றுவிட்டேன். நீ என்ன சொல்வாய்? எங்கண்ணன் வெட்டிப் போட்ட காசை எடுக்கிறதுக்காக என்று சொல்வாய். பொய் சொல்ல உனக்கு வராது. சொந்தத் தங்கச்சி பிள்ளைக்குக் காசு வெட்டினான், அதை எடுக்கப் பாதி நிலத்தை வாங்கினான் என்று கோர்ட் ஹால் முழுக்கக் கேட்கும். மதியத்துக்குள் சிம்மக்கல்லுக்கு வந்துவிடும். நான் அங்கே கடை திறக்க வேண்டாமா?

"வேற வழி சொல்லுங்க" என்றேன். வெளியே பேசித் தீர்த்துக்கொண்டோம் என்று இரண்டு தரப்பும் ஒரு மெமோவில் கையெழுத்துப் போட்டால் ஜட்ஜ் ஒன்றும் கேட்கமாட்டாராம். கேஸ் முடிந்துவிடுமாம். கட்டிய கோர்ட் ஃபீஸ்கூடத் திரும்பக் கிடைக்குமாம். "அதுவே போதும்யா" என்றேன். "அண்ணே, அதுல ஒரு சிக்கல் இருக்கு" என்று இழுத்தார். "என் தங்கச்சி சொன்ன சொல்லு மாறமாட்டா, நீங்க மெமோவை அடிங்க" என்று எழுந்து வந்துவிட்டேன். வக்கீலை விட்டால் இன்னும் நாலு வாய்தா போடுவார்.

மாப்பிள்ளை வீடு எந்த ஊர், என்ன தொழில் என்று நீ எழுதவே இல்லையே. விசாரித்துச் சொல்ல எனக்கு ஆள் இருக்கிறது.

உன் மதினி உன்னைக் கேட்டதாக எழுதச் சொன்னாள்.

ஜெயபாண்டி


டி. கல்லுப்பட்டி
27.2.2024

அண்ணன் அவர்களுக்கு,

நானும் சத்யாவும் சுகம். மதினியை நானும் கேட்டேன் என்று சொல்லவும்.

சரண்யாதேவி மெமோவை வாசித்துக் காட்டினார். கையெழுத்துப் போட்டுவிட்டேன். "அக்கா, இது எதுக்குன்னு வீட்ல நல்லா யோசிச்சீங்களா?" என்று இரண்டு தடவை கேட்டார். யோசித்தாயிற்று என்றேன்.

கோர்ட்டில் கூப்பிடுகிற அன்று வருகிறேன். பங்குனி முடிவதற்குள் காசை எடுத்துவிட்டால் வைகாசியில் கல்யாணம் வைக்கலாம் என்று அவர்கள் கேட்கிறார்கள். எனக்கு அதுதான் கவலை.

மாப்பிள்ளை வீடு யாரென்று எழுதமாட்டேன். கோபித்துக்கொள்ள வேண்டாம். காசு எடுத்த அன்று நானே வாயால் சொல்கிறேன்.

மாயக்காள்


சிம்மக்கல், மதுரை
15.3.2024

தங்கச்சிக்கு,

கோர்ட்டில் இருந்து நல்லபடியாக ஊர் போய்ச் சேர்ந்திருப்பாய். வெயில் இப்போதே கொல்கிறது.

அன்றைக்கு வராந்தாவில் நீ தூணோரம் உட்கார்ந்திருந்ததைப் பார்த்தேன். தலை இம்புட்டு நரைத்திருக்கும் என்று நினைக்கவில்லை. நீயும் பார்த்தாய். பேச முடியாது என்பதால் நான் கேன்டீன் பக்கம் போய்விட்டேன். திரும்பி வருவதற்குள் கூப்பிட்டுவிட்டார்கள். இரண்டு வக்கீலும் எழுந்து நின்றார்கள். "சமாதானம் ஆயிட்டாங்களா?" என்றார் ஜட்ஜ். "ஆமா மை லார்ட்" என்றார்கள். அடுத்த கேஸ் கட்டை எடுத்தார் அவர். இத்தனை வருஷம் அலைந்த கேஸ் ஒரு தும்மல் நேரத்தில் முடிந்தது.

நேற்று உத்தரவு நகல் வந்தது. அதில்தான் வினை. செல்வக்குமார் வாசித்துத் தமிழில் சொன்னார். "மேல்முறையீடு தள்ளுபடி."

"தள்ளுபடியா? போட்டது நான்தானய்யா. என்னோடது தள்ளுபடின்னா தோத்தது நானா?"

"தோக்கலண்ணே. சமாதானமானதால முடிச்சுவிட்டாங்க."

"அப்ப அவளுக்குப் பாதின்னு கீழ சொன்ன தீர்ப்பு?"

"அது அப்படியே நிக்கும். இதைத்தேன் அன்னைக்குச் சொல்ல வந்தேன். நீங்க உக்காரவே இல்ல."

எப்படி இருக்கிறது பார். எதிர்த்துப் போட்ட கேஸும் போயிற்று, உன் தீர்ப்பும் உயிரோடு நிற்கிறது. இப்போது நீ விடுதலைப் பத்திரம் எழுதி ரிஜிஸ்டர் செய்தால்தான் நிலம் முழுசாக என் பெயருக்கு வரும். பத்திரம் அடிக்கச் சொல்லிவிட்டேன். வருகிற வாரம் ரிஜிஸ்டர் ஆபீசுக்கு வந்து கையெழுத்துப் போட்டுவிடு. அது கைக்கு வந்ததும் கோயில்.

தண்ணீர் நிறையக் குடி.

ஜெயபாண்டி


டி. கல்லுப்பட்டி
24.3.2024

அண்ணன் அவர்களுக்கு,

நாங்கள் இருவரும் சுகம். அங்கும் அப்படியே என்று நினைக்கிறேன்.

ஒரு கையெழுத்து, மறுநாள் காசு என்று எழுதியிருந்தீர்கள். அந்தக் கடிதம் என்னிடம் இருக்கிறது. நீங்கள் கேட்ட இடத்தில் கேட்டபடி போட்டேன். மெமோ போதும் என்று சொன்னதும் நீங்கள்தான். இப்போது இன்னொரு கையெழுத்து என்கிறீர்கள்.

நீங்கள் என்னிடம் கையெழுத்துக் கேட்பது புதிதில்லை. சத்யா அப்பாவுக்குக் கருமாதி முடிந்து, பந்தல்காரன் கீற்றைப் பிரித்துக்கொண்டிருந்தபோது, மடித்த பத்திரத்தை எடுத்து, "சும்மா ஒரு சம்பிரதாயத்துக்கு, இதுல போட்டுரு" என்றீர்கள். அன்றைக்குத்தான் கோச்சடையில் எனக்கு ஒரு பாகம் இருக்கிறது என்பதே எனக்குத் தெரிந்தது. அதுவரை தெரியாது. நான் ஏன் கேஸ் போட்டேன் என்று ஊரில் எல்லாரும் கேட்டார்கள். நீங்கள் மட்டும் கேட்கவில்லை.

அது போகட்டும். சரண்யாதேவியும் விஷயத்தைச் சொல்லிவிட்டார். "அக்கா, உங்க தீர்ப்பு உசுரோட இருக்கு. இனிமே அவரால ஒண்ணும் பண்ண முடியாது. கையை விட்றாதீங்க" என்கிறார். உங்களிடம் மறைக்காமல் எழுதுகிறேன். இப்போதும் எனக்கு அந்த நிலம் வேண்டாம். முதலில் வந்து காசை எடுங்கள். மறுநாள் நான் பத்திரத்தில் கையெழுத்துப் போடுகிறேன். சித்திரை பிறக்கிற வரை பொறுக்கிறோம் என்று அவர்கள் சொல்லியிருக்கிறார்கள். அதற்குமேல் கேட்க எனக்கு முகம் இல்லை.

நாள் சொல்லுங்கள்.

மாயக்காள்


சிம்மக்கல், மதுரை
4.4.2024

தங்கச்சிக்கு,

சுகம்தான். நீயும் சுகம் என்று நம்புகிறேன்.

பழைய கதையைக் கிளறாதே. கருமாதி அன்று சொந்தபந்தம் எல்லாம் இருந்தது, சாட்சிக்கு ஆள் தேட வேண்டாம் என்று பத்திரத்தைக் கொண்டுவந்தேன். அதில் தப்பென்ன?

நான் முப்பத்தைந்து வருஷம் வியாபாரம் பார்த்தவன். கட்டை அவிழ்த்து உள்சாக்கைப் பார்க்காமல் ஒருத்தனுக்கும் நான் பணம் கொடுத்ததில்லை. மேலே நாலு நல்ல சாக்கை வைத்து உள்ளே எலி கடித்ததைத் திணிப்பார்கள். உன் வக்கீல் உனக்கு ஓதுகிறாள், அதை நீயே எழுதுகிறாய். காசை எடுத்துவிட்டு நான் கையை விரித்துக்கொண்டு நிற்கவா? எடுத்த காசைத் திரும்ப வெட்ட முடியாது. ஆகையால் முதலில் கையெழுத்து.

இன்னொன்றும் எழுதுகிறேன். நேற்று செக்கானூரணி ரைஸ் மில் தங்கப்பாண்டி சாக்கு எடுக்க வந்தான். பழைய வாடிக்கை. சாக்கைப் பிரித்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துக்கொண்டே, "அண்ணே, கோர்ட்ல சமாதானம் ஆயிட்டீகளாமே. அந்தக் காசை எடுத்தாச்சா?" என்றான்.

"ஒனக்கு எதுக்கப்பா அது?"

"சும்மாதேன் கேட்டேன். எடுத்துருவீகள்ல?"

"அவ பத்திரத்துல கையெழுத்துப் போட்டா எடுப்பேன். போடலேன்னா கெடக்கும். நான் இருக்கிற வரைக்கும் கெடக்கும், நான் போன பெறகும் கெடக்கும். நான் வெட்டுனா வெட்டுனதுதேன் மாப்ள."

அவன் டீயைக்கூட முடிக்கவில்லை. "சரிண்ணே, உங்க பாடு" என்று எழுந்துவிட்டான். சாக்கும் எடுக்கவில்லை. ஆனால் ஒரு வார்த்தை எதிர்த்துச் சொல்லவில்லை பார். தொழில் பார்க்கிறவனுக்கு என் நியாயம் புரிகிறது. கூடப் பிறந்தவளுக்குப் புரியவில்லை.

பத்திரம் தயார். வந்து சேர்.

ஜெயபாண்டி


சிம்மக்கல், மதுரை
2.5.2024

தங்கச்சிக்கு,

போன கடிதத்துக்குப் பதில் இல்லை. தபால் கிடைத்ததா என்று தெரியவில்லை. உடம்புக்கு ஒன்றும் இல்லையே?

அழகர் ஆற்றில் இறங்கிய அன்று கடை அடைப்பு. கூட்டத்தில் போக உன் மதினிக்கு முடியவில்லை. மாடியிலேயே நின்று கும்பிட்டோம். "மாயக்கா மகளுக்குக் காரியம் ஆகணும்னு வேண்டிக்கிட்டேன்" என்றாள். வேண்டிக்கொள்ள நான் தடை சொல்லவில்லை.

யோசித்துப் பார்த்தேன். நான் முதலா நீ முதலா என்று இழுத்துக்கொண்டிருந்தால் இரண்டு பேருக்கும் நஷ்டம். ஒரே நாளில் வைத்துக்கொள்வோம். காலையில் ரிஜிஸ்டர் ஆபீஸ், மதியம் கோயில். முத்திருளனிடம் சொல்லிவைத்துவிட்டேன். மாப்பிள்ளை வீட்டாரைக் கொஞ்சம் பொறுக்கச் சொல். நானும் எழுதித்தர வேண்டும் என்றால் தருகிறேன்.

தங்கப்பாண்டி மகனுக்குக் கல்யாணம் என்று பத்திரிகை வந்திருக்கிறது. திடுதிப்பென்று வைத்திருக்கிறான். போக வேண்டும்.

உடனே பதில் எழுது.

ஜெயபாண்டி


சிம்மக்கல், மதுரை
3.6.2024

தங்கச்சிக்கு,

இன்னும் பதில் இல்லை. கல்லுப்பட்டிப் பக்கம் போகிற லாரிக்காரனிடம் விசாரித்தேன். நீ சந்தையில் காய் வாங்கிக்கொண்டிருந்ததைப் பார்த்ததாகச் சொன்னான். அந்த மட்டில் நிம்மதி.

கோபமாக இருக்கிறாய் போல. சரி, நானே இறங்கி வருகிறேன். காலையில் கோயில், மதியம் ரிஜிஸ்டர் ஆபீஸ். நீ கேட்டபடி காசுதான் முதல். ஆனால் ஒரே நாள். இதற்குமேல் நான் இறங்க இடமில்லை.

போன வாரம் தங்கப்பாண்டி வீட்டுக் கல்யாணத்துக்குப் போய்வந்தேன். நல்ல கூட்டம். பையன் பெயர் அருண்பாண்டி, பேங்கில் வேலை. பெண் உசிலம்பட்டிப் பக்கம். மேடையில் ஏறிக் கை கொடுத்தேன். பையன் என் முகத்தைப் பார்க்கவில்லை. இந்தக் காலத்துப் பிள்ளைகள் அப்படித்தான். தங்கப்பாண்டி மட்டும் என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்களும் வந்துட்டீகளேண்ணே" என்றான். பத்திரிகை வைத்தவன் வராமலிருப்பேன் என்றா நினைத்தான்? சாப்பாடு பிரமாதம். சமையல்காரர் நம்பரை வாங்கி வைத்திருக்கிறேன். நம் சத்யா கல்யாணத்துக்கு அவரையே சொல்லிவிடலாம். தாய்மாமன் சீர் என் பொறுப்பு. ஊர் வாயைப் பிளக்கும்படி செய்கிறேன்.

எழுது.

ஜெயபாண்டி


டி. கல்லுப்பட்டி
17.6.2024

அண்ணன் அவர்களுக்கு,

உங்கள் மூன்று கடிதமும் வந்தன.

நீங்கள் மேடையேறிக் கை கொடுத்தது சத்யாவைக் கேட்டிருந்த பையனுக்குத்தான்.

உங்கள் கடையிலிருந்து எழுந்து போன மறுநாள் அவன் அப்பா இங்கே வந்தார். உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை. "ஒங்கண்ணன் வாயாலேயே கேட்டுட்டு வாரேன்மா. அவர் காலத்துக்குப் பெறகும் கெடக்கும்னு சொல்லிட்டாரு. ஒங்க கையெழுத்துக்கு நான் பிள்ளைய நிறுத்தி வைக்க முடியுமா? எனக்கு ஒரே பையன். மன்னிச்சிருங்க" என்றார். சத்யா காப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நிலைப்படியில் நின்றாள். அவர் அவளிடமும் ஒரு கும்பிடு போட்டுவிட்டுப் போனார். மரியாதையானவர் என்று முன்பே எழுதினேன்.

உங்களிடம் மாப்பிள்ளை வீட்டை ஏன் மறைத்தேன் என்று இப்போது கேட்பீர்கள். மில்லுக்குச் சாக்கு கொடுக்கிறவர் நீங்கள். தெரிந்தால் அவர்கள் மூலமாக என்னை நெருக்குவீர்கள் என்று பயந்தேன். தெரியாமலேயே அதைச் செய்வீர்கள் என்று நினைக்கவில்லை.

அருண்பாண்டி போன் செய்தான். "வீட்டை விட்டுட்டு வாரேன், எங்கயாச்சும் போயிருவோம்" என்றானாம். இவள்தான் வேண்டாம் என்றாள். நான் பக்கத்தில் இருந்தேன். "இப்ப வருவ. நாளைக்கு நம்ம பிள்ளைக்கு ஒரு காய்ச்சல் வந்தா, எல்லாரும் என்னைத்தேன் பாப்பீங்க. நீயும் பாப்ப" என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தாள். பிறகு சாப்பிட்டாள்.

அந்தக் கல்யாணத்தன்று அவள் லீவு போடவில்லை. ஸ்கேன் எடுக்க வந்த கர்ப்பிணிகள் நிறைய என்று சொன்னாள்.

சமையல்காரர் நம்பர் வேண்டாம்.

மாயக்காள்


சிம்மக்கல், மதுரை
24.6.2024

மாயக்கா,

உன் கடிதத்தை உன் மதினிதான் முதலில் வாசித்தாள். வாசித்துவிட்டு என் முன்னால் வைத்துவிட்டுப் போனாள். அதிலிருந்து சோறு போடுகிறாள், பேசுவதில்லை.

நீ ஒரு வரி எழுதியிருக்கலாம். செக்கானூரணி தங்கப்பாண்டி என்று ஒரு வரி. அவன் கேட்டபோது வேறு மாதிரிச் சொல்லியிருப்பேன். வியாபாரத்தில் நாம் ஆயிரம் பேசுவோம். அவனுக்கு அது தெரியாதா? உன்னைக் குறை சொல்ல எழுதவில்லை. ஆனால் எழுதியிருக்கலாம்.

காசை எடுப்போம். கையெழுத்து வேண்டாம், பத்திரம் வேண்டாம். பத்திரத்தைக் கிழித்துவிட்டேன். நேற்று தனியாகவே கோயிலுக்குப் போய்விட்டேன். "ஒத்தையா வந்து நின்னா நான் என்ன செய்யட்டும்ணே? அந்தக்காவும் வரணும்" என்கிறான் முத்திருளன். எம்புட்டுக் கேட்டும் அசையவில்லை. நாள் நீ சொல். கார் அனுப்புகிறேன், அல்லது நீயே பஸ்ஸில் வா, உன் இஷ்டம். பிள்ளைக்கு இதைவிட நல்ல இடம் நானே பார்க்கிறேன்.

நிலத்திலும் உன் பாதியை நீ எடுத்துக்கொள். கிழக்குப் பாதி நல்ல மண், ரோட்டுக்கும் பக்கம். மேற்கே குடோன் இருக்கிறது. அதை மட்டும் என்னிடம் விட்டுவிடு. அது நான் கட்டியது.

பதில் போடு.

அண்ணன்
ஜெயபாண்டி


டி. கல்லுப்பட்டி
11.12.2024

அண்ணன் அவர்களுக்கு,

மதினிக்கு முழங்கால் ஆபரேஷன் ஆனதாகக் கேள்விப்பட்டேன். பார்க்க வர முடியாது. நன்றாக நடக்கட்டும்.

சத்யப்ரியா கோயம்புத்தூரில் ஒரு ஆஸ்பத்திரியில் வேலைக்குச் சேர்ந்து நான்கு மாதம் ஆகிறது. அங்கே யாரும் தாய்மாமன் யார் என்று கேட்பதில்லையாம். பொங்கலுக்கு வருவாயா என்று கேட்டேன். பார்க்கலாம் என்றாள். அவளுக்கு இடம் பார்க்க வேண்டாம். பார்க்கிறீர்கள் என்று ஒருத்தர் வந்து சொன்னார். நிறுத்திவிடுங்கள்.

காசை எடுக்க வரச்சொல்லி எழுதியிருந்தீர்கள். கடிதத்தைப் பல தடவை வாசித்தேன். கையெழுத்து வேண்டாம் என்று எழுதிய கையாலேயே குடோனை விடு என்றும் எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் கெட்டவர் இல்லை. உங்களால் முடிந்தது அவ்வளவுதான் என்று புரிந்துகொண்டேன்.

நான் வரமாட்டேன். போன தை மாதம் அந்தக் காசுக்காக எல்லாவற்றையும் விட்டுக்கொடுத்தேன். இன்றைக்கு எனக்கு அது கிடப்பதுதான் நல்லது. அதை எடுத்துவிட்டால் உங்களோடு பேச வேண்டும். வாசலில் வந்து நின்றால் வாங்க என்று சொல்ல வேண்டும். பந்தியில் பக்கத்தில் உட்கார வேண்டும். பெரியவர் இறங்கி வந்துவிட்டார், நீ இன்னும் முறுக்குகிறாயே என்று ஊர் என்னைச் சொல்லும். காசு கிடக்கிற வரை ஒருத்தரும் என்னைக் கேட்க முடியாது. நீங்களே வெட்டிக் கொடுத்திருக்கிறீர்கள்.

நிலத்தைப் பிரித்துத் தரச்சொல்லிக் கோர்ட்டில் இறுதித் தீர்ப்பு மனு போட்டிருக்கிறேன். உங்கள் மேல்முறையீடு தள்ளுபடியான உத்தரவை வைத்தே போட்டோம். நீங்கள் எடுத்துக்கொள் என்றதற்காக இல்லை. கிழக்கு, மேற்கு எதையும் நான் கேட்கவில்லை. அளந்து பார்த்து எது என்று கோர்ட் சொல்லட்டும். குடோன் என் பக்கம் வந்தால் உங்கள் சாக்கை எடுத்துக்கொள்ள நாள் தருவார்கள்.

வருகிற புதன்கிழமை கோர்ட் நியமித்த கமிஷனர் சர்வேயரோடு கோச்சடைக்கு வருகிறார். நானும் வருவேன். சாவியை செல்வக்குமாரிடம் கொடுத்துவிடுங்கள், நீங்கள் அங்கே நிற்க வேண்டாம். பூட்டியிருந்தால் உடைத்து அளக்க உத்தரவு இருக்கிறது.

மாயக்காள்